படம் மோசமா, பிரிண்ட் மோசமா?

ஹாஸ்டல் ரூமில் ஒரு பழைய படம் ஓட ஆரம்பிச்சா பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துடும். "ஸ்லோ மச்சி." "ஓவர் ஆக்டிங்டா." "ஒரே இருட்டு, யாரு பேசறாங்கன்னே தெரியல." படம் 1954-ல் வந்ததா, 1978-ல் வந்ததா என்பதெல்லாம் கணக்கில்லை. தீர்ப்பு ஒண்ணுதான்.

இந்தக் கட்டுரை உங்க தீர்ப்பை மாத்தச் சொல்லப்போவதில்லை. பழைய படம் எல்லாம் காவியம், இன்றைய படம் எல்லாம் குப்பை என்று சொல்லும் அங்கிள் வேலையும் இங்கே கிடையாது. தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். நீங்க பார்த்தது அந்தப் படத்தையா, இல்ல அந்தப் படத்தோட கெட்டுப்போன ஒரு காப்பியையா?

இரண்டும் வேற வேற. எப்படி வேற, எவ்வளவு வேற என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்

தமிழில் கல்ட் படம் என்று நாம் கொண்டாடும் பல படங்கள் தியேட்டரில் ஜெயித்தவை அல்ல. ‘குணா’ 1991 தீபாவளிக்கு வந்தது. அதே தீபாவளிக்குத்தான் ‘தளபதி’யும் வந்தது. அன்னைக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்லவே வேண்டாம். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து போனது. இன்றைக்கு அதைப் பற்றி உருகிப் பேசும் பாதிப் பேர் அதை டிவியில்தான் பார்த்திருப்பார்கள். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010-ல் வந்தபோது பலரைக் குழப்பியது. இப்போது அதற்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது.

அதாவது இந்தப் படங்களின் இரண்டாவது வாழ்க்கை நம்ம வீட்டு டிவியிலும் லேப்டாப்பிலும் போனிலும்தான் நடக்கிறது. முதல் நாள் கூட்டம் இல்லை, போஸ்டர் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பு இல்லை. நிறுத்தி, திருப்பி, ரெண்டாவது தடவை பார்க்கலாம். தியேட்டரில் கிடைக்காத பொறுமை வீட்டில் கிடைக்கும். ஆனா அந்த ரெண்டாவது வாழ்க்கை எந்தக் காப்பியில் நடக்குது என்பதை யாரும் கேட்பதில்லை.

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்

செமஸ்டர் நேரத்தில் நோட்ஸ் எப்படிச் சுத்தும்? முதல் பெஞ்ச் ஆளோட நோட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ். அஞ்சாவது கைக்கு வரும்போது இன்டெக்ரல் குறி எது, கறை எது என்றே தெரியாது. பழைய படத்தின் கதையும் இதேதான்.

கேமராவுக்குள் ஓடியது ஒரிஜினல் நெகட்டிவ். அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரிண்ட் எடுப்பார்கள். பல ஊர் சுற்றி, கீறல் விழுந்து, அறுந்து ஒட்டிய பிரிண்டிலிருந்து டிவிக்காக ஒரு வீடியோ டேப். அந்த டேப்பிலிருந்து விசிடி. விசிடியிலிருந்து யாரோ எடுத்த ஃபைல். அந்த ஃபைலை யூடியூபில் ஏத்தும்போது மறுபடியும் ஒரு கம்ப்ரெஷன். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். போனது திரும்பி வராது.

எவ்வளவு போகும்? விசிடியின் பிரேம் அளவு 352 × 288. அதாவது சுமார் 1 லட்சம் பிக்சல். ஃபுல் எச்டி என்பது 1920 × 1080, சுமார் 20 லட்சத்து 70 ஆயிரம். இருபது மடங்கு வித்தியாசம். விசிடியிலிருந்து வந்த படத்தை ‘எச்டி’ என்று தலைப்புப் போட்டு ஏற்றினாலும் இல்லாத பிக்சல் வானத்திலிருந்து வராது. நடிகரின் கண்ணில் நடக்கும் சின்ன அசைவு அந்த 1 லட்சம் பிக்சலில் எங்கே தெரியும்? கண் தெரியாத காப்பியில் கைவீச்சு மட்டும்தான் தெரியும். அப்புறம் அதுக்குப் பேரு ‘ஓவர் ஆக்டிங்’.

பொட்டு வட்டமா, முட்டையா?

ஐம்பதுகளின் படங்களின் ஃப்ரேம் ஏறக்குறைய பழைய டிவி வடிவம், 4:3. இன்றைய டிவி 16:9. சரியாகப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரவேண்டும். ஆனால் வீட்டில் யாருக்கும் கறுப்புப் பட்டை பிடிக்காது. "ஸ்கிரீன் வேஸ்ட் ஆகுது" என்று ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள். இழுத்தால் எல்லோரும் 33 சதவீதம் குண்டாகிவிடுவார்கள். இழுக்காமல் ஜூம் செய்தால் உயரத்தில் 25 சதவீதம் போய்விடும். மேலே தலைமுடி, கீழே கை.

கண்டுபிடிக்க ஈஸியான வழி: படத்தில் ஏதாவது ஒரு வட்டத்தைப் பாருங்கள். சுவர்க் கடிகாரம், கார் சக்கரம், நெற்றிப் பொட்டு. முட்டை வடிவத்தில் இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கு.

சினிமாஸ்கோப் படத்துக்கு இன்னும் பெரிய சேதம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஸ்கோப்பின் விகிதம் சுமார் 2.35:1. அதை 4:3 டிவிக்கு நிரப்பினால் அகலத்தில் 43 சதவீதம் காலி. கிட்டத்தட்ட பாதிப் படம்! இரண்டு பேர் ஃப்ரேமின் இரண்டு ஓரத்தில் நின்று பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி காப்பியில் ஒருத்தரோட மூக்கும் நடுவில் இருக்கும் சுவரும் மட்டும் தெரியும். "கேமரா வேலை ரொம்ப சுமார்" என்று நாம் சொல்வோம். அந்த ஒளிப்பதிவாளர் என்ன செய்வார் பாவம்.

சில காப்பிகளில் டைட்டில் ஓடும்போது மட்டும் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள், கவனித்திருக்கிறீர்களா? ஸ்கோப் லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் இறுக்கித்தான் ஃபிலிமில் பதியும். தியேட்டர் புரொஜெக்டர் லென்ஸ் அதை விரிக்கும். டைட்டிலில் பெயர்கள் வெட்டுப்படக் கூடாது என்பதற்காக அந்த இடத்தை மட்டும் இறுக்கியபடியே டிவிக்கு மாற்றிவிடுவார்கள். டைட்டில் முடிந்ததும் ஓரங்களை வெட்ட ஆரம்பிப்பார்கள். அந்த நெட்டை டைட்டில் வந்தாலே புரிஞ்சுக்கலாம், மீதிப் படம் முழுக்க ஓரம் போச்சு.

சென்சார் சர்டிபிகேட்டில் ஒரு கணக்கு

படம் ஆரம்பிக்கும் முன் சென்சார் சான்றிதழ் வருமே, நாம் எல்லோரும் ஸ்கிப் பண்ணும் அந்தப் பக்கம். பழைய படங்களின் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். அது சும்மா அலங்காரம் இல்லை.

35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். அப்படின்னா நொடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி, மீட்டரில் சொன்னால் 27.4. சான்றிதழில் 4,115 மீட்டர் என்று இருந்தால், 27.4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 150 நிமிஷம். நீங்கள் பார்க்கும் ஃபைல் 128 நிமிஷம்தான் ஓடுகிறதா? 22 நிமிஷத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். "கதை ஜம்ப் ஆகுது, எடிட்டிங் சரியில்லை" என்று எழுதுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுவிடுங்கள்.

அதே படம் 144 நிமிஷத்தில் முடிந்தால் அது வேறு கதை. நம் நாட்டு டிவி முறை பால். நொடிக்கு 25 ஃப்ரேம். 24 ஃப்ரேம் படத்தை 25-ல் ஓட்டிப் பதிவு செய்தால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். ஒரு காட்சியும் வெட்டாமலே 6 நிமிஷம் மிச்சம். ஆனால் குரலும் பாட்டும் சுருதி ஏறிவிடும், அரை ஸ்வரத்தில் சுமார் 70 சதவீத அளவுக்கு. பாட்டை ஆடியோவாகக் கேட்டுப் பழகிய காதுக்கு படத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றும். கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்ட ஃப்ரெண்ட் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்.

இதோடு நாமாகச் செய்யும் ஒரு வேலையும் இருக்கு: 1.5 மடங்கு வேகம். லெக்சர் வீடியோவுக்கு ஓகே. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்துக்கு? புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த படம். வசனம் குறைவு. ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் முகத்தில் நிற்கும் அமைதியில்தான் பாதிக் கதை. அந்த அமைதியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு "ஃபீல் ஆகலை" என்றால் எப்படி ஃபீல் ஆகும்? என் கருத்து கேட்டால், அந்தப் படத்தின் கடைசி ஆற்றங்கரைக் காட்சிக்குச் சமமாக ஒரு கிளைமாக்ஸ் தமிழில் ரொம்பக் குறைவு. ஆனால் அதுவரை வந்த மௌனத்தை நீங்கள் முழுசாக உட்கார்ந்து கேட்டிருந்தால்தான் அது உங்களைத் தாக்கும்.

இருட்டு வேற, இருட்டடிப்பு வேற

‘நாயகன்’ (1987) படத்துக்காக பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது வாங்கினார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல், அறைக்குள் மேலிருந்து விழும் ஒளி. இருட்டுக்குள்ளும் பல அடுக்கு இருக்கும். அதுதான் அந்த விருதின் அர்த்தம்.

வீடியோ கம்ப்ரெஷன் இந்த அடுக்குகளைத்தான் முதலில் கொல்லும். ஃபைல் சைஸைக் குறைக்க என்கோடர் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ‘கண்ணுக்குத் தெரியாது’ என்று நினைக்கும் விவரங்களைத் தூக்கிப் போடும். கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் உள்ள வித்தியாசம் அதற்குச் செலவு. இரண்டையும் ஒரே கறுப்பாக்கிவிடும். நிழலில் நின்ற முகம் சதுரம் சதுரமாக உடையும். நமக்குத் தெரிவது ‘ஒரே இருட்டு’.

‘அவள் அப்படித்தான்’ (1978) இன்னொரு உதாரணம். கலர் எல்லா இடமும் பரவிவிட்ட நேரத்தில் ருத்ரய்யா கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும் இது யாருடைய ரசிகர்களுக்குமான படம் இல்லை. முழுக்க மஞ்சு என்ற பெண்ணின் படம். பெண்களைப் பற்றி டாகுமெண்டரி எடுக்க வரும் நல்லவன், விளம்பரக் கம்பெனி நடத்தும் ஆணாதிக்கவாதி, இரண்டு பேருமே அவளைப் புரிந்துகொள்வதில்லை. என்னைக் கேட்டால் இன்றைய பல ‘போல்டு’ வெப் சீரிஸைவிட இது போல்டு. கறுப்பு வெள்ளையில் சாம்பல் நிறம்தான் எல்லாம். சாம்பலே இல்லாத காப்பியில் பார்த்தால் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் பேசுவது மாதிரிதான் இருக்கும்.

கலர் படத்துக்கு வேறு நோய். எழுபதுகளின் கலர் பிரிண்டுகளில் சயான் சாயம் சீக்கிரம் மங்கிவிடும். மிச்சம் இருப்பது சிவப்பும் பிங்க்கும். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. மலை, மூடுபனி, விஞ்ச் ஓட்டும் காளி. சாயம் போன காப்பியில் பச்சை மலை செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். "அந்தக் காலத்துல கலர் அப்படித்தான் இருக்கும்" என்பது தப்பு. அந்தக் காலத்தில் அது பச்சையாகத்தான் இருந்தது.

உங்க டிவியும் குற்றவாளிதான்

நல்ல காப்பியே கிடைத்தாலும் புது டிவி ஒரு வேலை பண்ணும். நொடிக்கு 24 ஃப்ரேம் இருக்கும் படத்துக்கு நடுநடுவே தானாகவே ஃப்ரேம் கற்பனை செய்து சேர்க்கும். கிரிக்கெட்டுக்கு நல்லது. சினிமாவுக்குப் போட்டால் ‘நாயகன்’ சாயங்கால மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெயர். அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் இன்னும் சுலபம், ஒரே பட்டனில் இந்த ‘உதவி’ எல்லாம் நின்றுவிடும்.

ஒலிக்கும் அதேதான். பழைய படம் மோனோ. அதை ‘சினிமா சரவுண்ட்’ மோடில் போட்டால் கிணத்துக்குள்ளிருந்து பேசுவது போல் எதிரொலிக்கும். ஸ்டாண்டர்டில் வையுங்கள்.

எல்லாப் பழியையும் காப்பி மேல போட முடியாது

நியாயமா பேசணும். எந்த ரெஸ்டோரேஷனாலும் சரியாகாத விஷயங்களும் பழைய படங்களில் நிறைய. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஓடும் காமெடி டிராக். பெண்ணை அறைந்தால் அவள் திருந்திவிடுவாள் என்ற கதைப்போக்கு. நிறத்தை, உடம்பைக் கிண்டல் செய்வது. 4கே-யில் பார்த்தால் இவை இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். அதைத் திட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: அந்தக் காலத்தின் பழக்கம். அந்த நடிகர்களில் பலர் நாடகத்திலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள். அதைக் குறை என்பதா, பாணி என்பதா என்பது உங்கள் ரசனை. ஆனால் அதே காலத்தில் எஸ்.பாலசந்தர் ‘அந்த நாள்’ (1954) எடுத்தார். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943-ல் ஒரு கொலை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சிவாஜி அதில் ஹீரோவா வில்லனா என்று நான் சொல்லப்போவதில்லை. ‘அந்தக் காலத்துப் படம்னாலே இப்படித்தான்’ என்று சொல்லும் யாருக்கும் முதலில் போட்டுக் காட்டவேண்டிய படம் இதுதான்.

ஆக, குறை தெரிந்தால் மூன்று பெட்டியில் ஒன்றில் போடுங்கள்: காப்பியின் குறை, காலத்தின் பழக்கம், படத்தின் குறை. மூன்றாவது பெட்டியில் விழுவது மட்டும்தான் இயக்குநரின் கணக்கு.

உங்க கருத்துக்கு ஒரு விலை இருக்கு

"ஹாஸ்டல்ல நான் சொல்ற கருத்தால என்ன ஆகப்போகுது?" என்று கேட்கலாம். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931). அதன் பிரிண்ட் இன்று இல்லை. ஃபிலிம் என்பது கெமிக்கல். வெப்பமும் ஈரமும் பட்டால் அசிடேட் ஃபிலிம் வினிகர் வாசனை அடித்து, சுருங்கி, கடைசியில் ஒட்டிக் கட்டியாகிவிடும். நம்ம ஊரில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா?

காப்பாற்றும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. உலகப் படங்களை ரெஸ்டோர் செய்யும் பிரசாத் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமாக ஸ்கேன் செய்து, கீறலை நீக்கி, நிறத்தைத் திருத்த வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தில் 2 லட்சத்து 16 ஆயிரம் ஃப்ரேம். செலவு செய்யப்போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இதை யாரு பார்ப்பாங்க?" 1964-ல் வந்த ‘கர்ணன்’ ரெஸ்டோர் ஆகி 2012-ல் திரும்ப வந்தபோது கூட்டம் வந்தது. அப்புறம்தான் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-ல் வந்தது. பெரிய ஸ்டார் படத்துக்கு இந்த வழி உண்டு. ருத்ரய்யா மாதிரி மொத்தமே இரண்டு படம் எடுத்தவருக்கு யார் கேட்பார்கள்? மோசமான காப்பியைப் பார்த்து "படம் சுமார்" என்று எல்லோரும் சொல்லிவிட்டால், நல்ல காப்பி எடுக்க யாருக்கும் காரணமே இருக்காது.

இந்த வீக்கெண்டுக்குச் சின்ன செக்லிஸ்ட்

1. யூடியூபில் முதலில் வருவதை அமுக்காதீர்கள். அதே படத்தின் மூன்று நான்கு காப்பிகளில் ஒரே காட்சியை ஒப்பிடுங்கள். ஓடிடியில் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.
2. வட்டம் வட்டமாக இருக்கிறதா? டைட்டிலில் பெயர்கள் ஓரத்தில் வெட்டுப்படுகிறதா?
3. கடைப் பலகை எழுத்து தலைகீழ் திசையில் தெரிந்தால், காப்பிரைட்டுக்குப் பயந்து படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உடனே மூடிவிடுங்கள்.
4. மீட்டரை 27.4-ஆல் வகுத்து, ஓடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.
5. மோஷன் செட்டிங் ஆஃப், வேகம் 1, ரூம் லைட் ஆஃப்.

எதில் ஆரம்பிப்பது என்றால்: த்ரில்லர் பிடிக்கும் ஆளுக்கு ‘அந்த நாள்’. சண்டை போட்டு விவாதம் பண்ண ஆசைப்படும் கேங்குக்கு ‘அவள் அப்படித்தான்’. கொஞ்சம் பொறுமை இருக்கும் ராத்திரிக்கு ‘உதிரிப்பூக்கள்’.

பார்த்துவிட்டு பிடிக்கலைன்னா தாராளமா பிடிக்கலைன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் போடுவோம். படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே எந்தக் காப்பி, எத்தனை நிமிஷம் ஓடியது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.